மதுரையில் தினமும் சைக்கிள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசுமலையில் வீடு. கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கெழுதும் வேலை. போக ஆறு, வர ஆறு, ஆக நாளுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏழு வருடமாக இதைச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். சைக்கிளும் என்னுடையது இல்லை. மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிள். அவள் கல்லூரி விடுதிக்குப் போனதும் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. என் பைக் இன்ஜின் வேலைக்காக ஒர்க்‌ஷாப்பில் நின்ற வாரம், வேறு வழியில்லாமல் அதை எடுத்தேன். பைக் வீடு திரும்பிவிட்டது. சைக்கிளை மறுபடி மாடிப்படிக்கு அடியில் தள்ள மனம் வரவில்லை.

டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சிக்னலிலும் என்னிடம் கேட்டவற்றைக் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

"என்னண்ணே, வண்டிய வித்துட்டீகளா?"

விற்கவில்லை. வாசலில்தான் நிற்கிறது. மாமியார் வீடு மேலூரில். அங்கே போகவும், ராத்திரி யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் தூக்கிக்கொண்டு ஓடவும் அது வேண்டும். சைக்கிள் எடுத்தால் பைக்கைத் தலைமுழுக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆறேழு கிலோமீட்டருக்குள் இருக்கும் சோலிக்குச் சைக்கிள், தாண்டினால் பைக்கோ பஸ்ஸோ. மதுரைக்குள் பாதிக்கு மேல் சோலிகள் இந்த ஆறேழுக்குள் அடங்கிவிடும். கோயிலிலிருந்து தல்லாகுளம் மூன்று, தெப்பக்குளம் நாலைந்து, பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் ஏழு.

"மாசம் எவ்வளவு மிச்சமாகுது?"

கணக்குப்பிள்ளையிடம் கேட்டால் கணக்குத்தான் வரும். பன்னிரண்டு கிலோமீட்டர், இருபத்தாறு நாள்: 312 கிலோமீட்டர். என் பைக் ஊருக்குள் லிட்டருக்கு 45 கொடுக்கும். ஆக மாதம் ஏழு லிட்டர். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. நூறு என்றே வைத்தாலும் மாதம் 700, வருடம் 8,400. ஆயில் மாற்றுவது, சர்வீஸ், டயர் தேய்வது இதில் வரவில்லை. இன்சூரன்ஸை நான் சேர்க்கவில்லை. பைக் இன்னும் இருப்பதால் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

எதிர்ப்பக்கம்: போன வருடம் சைக்கிளுக்கு ஒரு டயர், ஒரு டியூப், இரண்டு ஜோடி பிரேக் கட்டை, ஒரு ஓவராயில் (முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்வது), ஏழு பஞ்சர். எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். சாயங்காலம் பசி எடுத்துத் தின்ற உளுந்தவடைகளைச் செலவில் எழுதவில்லை. எழுதினால் மிச்சம் கொஞ்சம் குறையும்.

"நேரம் டபுள் ஆகாதா?"

டபுள் ஆகாது. பைக்கில் இருபது நிமிடம், சைக்கிளில் முப்பது. காலை ஒன்பது மணிக்கு டி.பி.கே. ரோட்டில் (திருப்பரங்குன்றம் ரோடு) பைக் எந்த வேகத்தில் போகிறது என்று பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். பழங்காநத்தத்தில் என்னை உறுமிக்கொண்டு முந்திப்போன பையன் கிரைம் பிராஞ்ச் ஸ்டாப்பில் என் பக்கத்தில் நிற்பான். இது வாரத்துக்கு மூன்று நாளாவது நடக்கும்.

ஆனால் ஓடும் நேரத்தை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பு. பைக்கில் வந்த காலத்தில் கீழமாசி வீதிக்குள் நுழைந்த பிறகுதான் என் பாடு தொடங்கும். லாரியில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். கடை வாசலில் நிறுத்தினால் பக்கத்துக் கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். இரண்டு தெரு தள்ளி இடம் பார்த்து, ஹேண்டில் லாக் போட்டு, நடந்து வருவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். சாயங்காலம் என் பைக்குக்கு முன்னால் நான்கு பைக் நிற்கும். அவற்றை நகர்த்தி என்னுடையதை உருவுவது தனி வேலை.

ஏழு வருடத்தில் நான் கண்ட பெரிய லாபம் இதுதான்: சைக்கிளை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். கடைக்குள் மிளகாய் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தால் போதும். திரும்பி வரும்போது தெற்குமாசி வீதி முக்கில் பூ வாங்குவேன். ஸ்டாண்ட் போட வேண்டியதில்லை, சாவி அணைக்க வேண்டியதில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றால், பூக்காரம்மா முழம் போடுவதற்குள் சில்லறையை எடுத்துவிடலாம். அப்படியே மருந்துக் கடை, காய்க்காரர், தையற்கடை. பைக்கில் போகும்போது "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று தாண்டிப் போன இடங்கள் எல்லாம் இப்போது வழியிலேயே முடிந்துவிடுகின்றன.

ஊரின் அமைப்பு அப்படி. நடுவில் கோயில், அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாகச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள். மனிதர் நடக்கவும் தேர் ஓடவும் போட்ட தெருக்கள். சித்திரைத் திருவிழாவில் இன்றைக்கும் தேர் மாசி வீதிகளில்தான் சுற்றி வருகிறது. அந்தச் சந்துகளில் கார் ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாக இருக்கும். சித்திரை வீதிக்குள் வண்டிகளுக்குத் தடை. அந்தப் பக்கம் வேலை இருந்தால் சைக்கிளை ஓரமாகப் பூட்டிவிட்டு நடந்துதான் போகிறேன்.

"மதுர வெயில்ல மிதிக்க முடியுமாண்ணே?"

மே மாதம் நாற்பது டிகிரி தொடும் ஊர். முடியும் என்று சும்மா சொல்ல மாட்டேன். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை நான் மிதிப்பதில்லை. காலையில் எட்டரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் கடைக்குள் போய்விடுவேன். திரும்புவது இருட்டிய பிறகு. ஓடிக்கொண்டிருக்கும்வரை சைக்கிள் தானே கொஞ்சம் காற்றைக் கொடுக்கும். சிக்னலில் நிற்கும்போதுதான் தார் ரோட்டுச் சூடு முகத்தில் அடிக்கும். அதனால் சிவப்பு விழுந்தால் கோட்டுக்குப் போய் நிற்காமல், பத்தடி பின்னால் மர நிழலோ கடை நிழலோ இருந்தால் அங்கேயே நின்றுவிடுவேன்.

தொப்பி, பருத்திச் சட்டை, ஒரு பாட்டில் தண்ணீர். கிளம்பும் முன் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு சொம்பு. வழியில் ஜிகர்தண்டா வேண்டாம். தாகம் அடங்காது, தூக்கம்தான் வரும். தலை சுற்றினாலோ, வேர்த்துக்கொண்டிருந்த உடம்பு திடீரென்று காய்ந்து கொதித்தாலோ, அன்றைக்குச் சைக்கிளை ஒரு கடையில் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறுங்கள். வெயிலோடு வீரம் பேசக் கூடாது.

"கடைக்குப் போய்ச் சேரும்போது வேர்வை நாறாதா?"

மெதுவாக மிதித்தால் நாறாது. பந்தயத்துக்கா போகிறோம்? கைப்பையில் ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் உண்டு. கடைசி அரைக் கிலோமீட்டரை நடக்கிற வேகத்தில் ஓட்டினால் பாதி வேர்வை அங்கேயே ஆறிவிடும்.

"மழை வந்தா?"

மதுரைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மற்றபடி ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் இடித்துக்கொண்டு கொட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். நின்று போவதுதான் நல்லது. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். வழக்கமாக நிற்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் விட்டுப் பிரேக் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சாய்த்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: தரை தெரியாத தண்ணீரில் சைக்கிளை இறக்காதீர்கள். கர்டர் பாலத்துக்கு அடியில் மழைக்குத் தண்ணீர் கட்டும் என்பது ஊருக்கே தெரியும். சின்னச் சின்னத் தெருவில் மூடி இல்லாத சாக்கடைக் குழி எங்கே இருக்கிறது என்பது அந்தத் தெருக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

"எனக்குச் சுகர். சைக்கிள் மிதிச்சா கொறையுமா?"

எனக்கும்தான். 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று சொன்னது. அதில் நானும் ஒரு ஆள். தொடைத் தசை உடம்பின் பெரிய தசைகளில் ஒன்று. அது வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை, இன்சுலின் தயவு இல்லாமலேயே ஓரளவு இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு ஒரு மணி நேரம், வாரம் ஆறு நாள் மிதிக்கிற எனக்கு அது 360. இதற்கென்று விடியற்காலை எழுந்து ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்ற வேண்டியதில்லை. எப்படியும் போக வேண்டிய இடத்துக்குப் போகிறேன், நடைப்பயிற்சி அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) எனக்கு ஏழரையை ஒட்டி இருந்தது. இப்போது ஏழுக்குக் கீழே. மாத்திரை நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. அதுவும் டாக்டர் பார்த்துக் குறைத்தது. இன்சுலின் போடுகிறவர்கள் கேட்காமல் தொடங்க வேண்டாம். மிதித்துக்கொண்டிருக்கும்போதே சர்க்கரை சட்டென்று இறங்கலாம். சட்டைப் பையில் நாலு சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும். கடலை மிட்டாய் இதற்கு உதவாது, கடலையில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

இதயத்துக்கும் நல்லது என்பார்கள். பிரிட்டனில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களுக்கு, காரிலோ பஸ்ஸிலோ போனவர்களைவிட அந்த ஆண்டுகளில் சாவின் அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் முன்பே கொஞ்சம் திடமானவர்களாக இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இருந்தாலும் சின்ன வித்தியாசம் இல்லை.

"முழங்கால் தேஞ்சிராதா?"

பெரும்பாலும் சீட்டுதான் குற்றவாளி. நம் ஊரில் சீட்டை இறக்கி, இரண்டு காலும் தரையில் படும்படி உட்கார்ந்து, முழங்காலை நெஞ்சுக்குத் தூக்கித் தூக்கி மிதிக்கிறோம். வலிக்காமல் என்ன செய்யும்? சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே விட்டு, குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அந்த உயரம் சரி. மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மட்டும் மடங்கும். முதல் இரண்டு நாள் உயரமாகத் தெரியும், பிறகு பழகிவிடும். ஏற்கெனவே மூட்டு வீங்கியிருப்பவர்கள் டாக்டரிடம் போங்கள், என்னிடம் வேண்டாம்.

"ரோட்டுல பயமா இல்லையா?"

இருக்கிறது. என் வழியில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை ஒரு அடி கூடக் கிடையாது. பஸ் ஒதுக்குவான், ஷேர் ஆட்டோ சொல்லாமல் நிற்பான், எதிர்த்திசையில் ஒருவன் செல்போனில் பேசிக்கொண்டே வருவான். இது எதையும் மறைத்து "வாங்க வாங்க" என்று கூப்பிட எனக்கு விருப்பமில்லை.

நான் விழுந்தது பஸ்ஸால் இல்லை. தெற்குவாசல் பக்கம் நின்றிருந்த கார் ஒன்றின் கதவு, பின்னால் பார்க்காமல் திறந்தது. கதவு விளிம்பில் ஹேண்டில்பார் இடித்து, நான் காய்க்காரம்மாவின் தட்டுக்கூடைக்குள் போய் விழுந்தேன். முழங்கை பெயர்ந்தது. கார்க்காரர் முதலில் தன் கதவைத்தான் தடவிப் பார்த்தார். காய்க்காரம்மா அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து நிற்கும் காருக்கும் எனக்கும் ஒரு கதவு அகலம் இடைவெளி விடாமல் போவதில்லை.

வேறு சில பழக்கங்கள். ரோட்டு விளிம்பை ஒட்டிப் போக மாட்டேன். அங்கேதான் மணலும் குப்பையும் குவிந்திருக்கும், வழுக்கும். மூன்றடி உள்ளே, நேர்கோட்டில். திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பார்த்து, கையை நன்றாக நீட்டுவேன். சந்து முனையில் பெல். பழங்காநத்தம் ரவுண்டானாவில் நெரிசல் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பேன், அதில் எனக்கு வெட்கமில்லை. சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் இல்லை, நான் போடுகிறேன். இரவில் பின்னால் மின்னும் சிவப்பு லைட், பெடலில் ரிஃப்ளெக்டர். லைட்டுக்கு நூறு நூற்றைம்பது ரூபாய் ஆகும். இதில் கஞ்சத்தனம் கூடாது.

வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதிப் பாதுகாப்பு. பைக்கில் போகும் அதே மெயின் ரோட்டில் சைக்கிளும் போக வேண்டும் என்று சட்டமில்லை. ஆரப்பாளையம், செல்லூர், அண்ணா நகர்க்காரர்களுக்கு வைகைக் கரையோரச் சாலைகள் இருக்கின்றன. கோரிப்பாளையம் சந்திப்பைத் தவிர்க்க வழி இருந்தால் தவிர்த்துவிடுங்கள். வைகையின் மேல் 1889-இல் திறந்த ஏ.வி. பாலம் அந்தக் காலத்து மாட்டுவண்டிக்குப் போட்டது. இன்றைக்கு அதன்மேல் பஸ்ஸோடு போட்டி போட வேண்டாம், நெரிசல் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள். நான்குவழிச் சாலைப் பக்கம் சைக்கிளைத் தலைகாட்டவே விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலைக்குப் போகும் வழியைச் சும்மா ஓட்டிப் பாருங்கள். எந்தச் சந்து எங்கே கொண்டுபோய் விடும் என்பது அன்றைக்குப் புரியும்.

"புகையைச் சுவாசிச்சுக்கிட்டே மிதிக்கிறது கெடுதல் இல்லையா?"

கொஞ்சம் கெடுதல்தான். பஸ் புகைக்குழாயின் பின்னால் போகாமல் பக்கத்துத் தெருவில் போனால் அதில் பெரும்பகுதி தப்பும். ஆஸ்துமா இருப்பவர்கள் காலையில் சீக்கிரம் கிளம்புவது நல்லது.

"நம்ம தகுதிக்குச் சைக்கிளா மாப்ள?"

இதை என் மைத்துனர் கேட்டார், என் வீட்டில் என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே.

என் அப்பா ஹார்விபட்டியிலிருந்து மில்லுக்குச் சைக்கிளில் போனவர். இன்றைக்கு நான் போகும் இதே டி.பி.கே. ரோடு. சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் போக வேண்டும் என்று சாரிசாரியாகச் சைக்கிள்கள் போகும். ஹேண்டிலில் தூக்குவாளி ஆடும். அப்போது சைக்கிள் வைத்திருப்பதே பெருமை. முனிசிபாலிட்டியில் வரி கட்டி வில்லை வாங்கி மாட்டியிருப்பார்கள். ராத்திரி விளக்கில்லாமல் போனாலும், பின்னால் ஆள் ஏற்றிப் போனாலும் போலீஸ் பிடிக்கும். சைக்கிளைத் துடைக்கவென்றே அப்பா ஒரு பழைய வேட்டித்துணி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார், எங்களைத் தொட விடமாட்டார். அதே பொருள் முப்பது வருடத்தில் எப்படி ஏழை வாகனமாக மாறியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன தையில் ஒரு கல்யாண மண்டப வாசலில் காவலாளி என்னைத் தடுத்தார். "சைக்கிளெல்லாம் பின்பக்கம், சமையல்கட்டு வாசல்." பட்டு வேட்டியோடு நின்றேன். சண்டை போடலாம் என்று தோன்றியது. அந்த ஆளும் ஒரு சைக்கிளில்தான் வந்திருந்தார், சுவரோரம் சாத்தியிருந்தது. சரி என்று பின்பக்கமே போனேன். அங்கே சமையல்காரர் இலைக்கு வரும் முன்னால் ஒரு டம்ளர் பால்பாயசம் கொடுத்தார்.

லேடீஸ் சைக்கிள் என்பதால் இன்னொரு கிண்டலும் உண்டு. நடுவில் பார் இல்லாததால் வேட்டி கட்டிக்கொண்டு ஏறுவது சுலபம். கேரியரில் மூட்டை இருக்கும்போது காலைத் தூக்கிப் பின்னால் வீச வேண்டியதில்லை. சிரிக்கிறவர்கள் ஒருமுறை அரிசிச் சிப்பத்தோடு ஏறிப் பார்க்கட்டும்.

"எந்தச் சைக்கிள் வாங்கலாம்? கியர் வேணுமா?"

மதுரை தட்டையான ஊர். மேம்பாலங்களைத் தவிர்த்தால் ஏற்றமே இல்லை. தினசரிப் போக்குவரத்துக்குக் கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள் போதும். விலை ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்குள். மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்ட், பெல் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். தடித்த டயரும் டிஸ்க் பிரேக்கும் போட்டு, மட்கார்டும் கேரியரும் இல்லாமல் விற்கும் மாடல்கள் பையன்களுக்கு அழகு. மழை நாளில் முதுகு முழுக்கச் சேற்றுக்கோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியாது.

பேட்டரி சைக்கிள் பற்றியும் கேட்கிறார்கள். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் அதற்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. வயதானவர்களுக்கும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கும் நல்லது. சார்ஜ் தீர்ந்தால் அந்த எடையை மிதிப்பது கொடுமை. சாதாரணச் சைக்கிளுக்கு எந்தக் காகிதமும் வேண்டாம். சிக்னல் மட்டும் எல்லாருக்கும் பொது, அதை நம் சைக்கிள்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

"எவ்வளவு சாமான் ஏத்தலாம்?"

கேரியரில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை ரப்பர் கயிறு போட்டுக் கட்டி, பசுமலை வரை கொண்டுபோயிருக்கிறேன். ஹேண்டிலில் கனமான பையை மாட்டாதீர்கள். பை ஆடி முன்சக்கரத்தில் சிக்கினால் ஆள் தலைகுப்புற விழுவார்.

"பொம்பளைங்களுக்குச் சரிப்படுமா?"

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிளும் சேர்ந்து பரவியது. அப்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்துக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் பற்றாமல் போய், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். ஆக, சரிப்படுமா என்ற கேள்விக்கு முப்பது வருடத்துக்கு முன்பே பதில் வந்துவிட்டது.

சேலையில் ஓட்டுகிறவர்கள் பின்சக்கரத்தில் வலைத் தடுப்பு போட்டுக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருக வேண்டும். பணக் கணக்கு மட்டும் பார்த்தால், 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீடும் வேலையும் ஸ்டாப்புக்குப் பக்கம் என்றால் பஸ்தான் மலிவு, அதை மறுப்பதற்கில்லை. ஸ்டாப்பிலிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர், வழியில் பிள்ளையை விட வேண்டும், காய் வாங்க வேண்டும் என்றால் சைக்கிள். என் மகள் பள்ளிக்கு ஓட்டிய காலத்தில் ஒருநாள் சொன்னாள்: "யாரையும் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்க வேண்டியதில்லப்பா." அதற்கு மேல் நான் என்ன எழுதுவது?

"பஞ்சர் ஆனா நடுரோட்டுல என்ன பண்றது?"

தள்ளுவதுதான். நம் பக்கம் சீமைக்கருவேல முள் இல்லாத ரோட்டோரம் உண்டா? வேலி வெட்டிய மறுநாள் பஞ்சர் கடைகளில் கூட்டம் நிற்கும்.

பழங்காநத்தம் தாண்டி வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு வாடிக்கைக் கடை உண்டு. அண்ணனுக்கு அறுபதுக்கு மேல் வயது. ஆணியில் பழைய டயர்கள், ஒரு காற்றடிக்கும் பம்பு, பாதி வெட்டிய எண்ணெய் டின்னில் கலங்கிய தண்ணீர். டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூப்பைக் குடல் உருவுவது போல உருவுவார். காற்றடித்து, தண்ணீருக்குள் சாண் சாணாக அமுக்கிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் முத்து முத்தாகக் குமிழி வரும். தீக்குச்சியை அந்த ஓட்டையில் குத்தி அடையாளம் வைத்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, ஒட்டுப் போட்டு, சுத்தியலால் இரண்டு தட்டு.

மற்ற கடைகளில் வேலை இத்தோடு முடிந்தது. இவர் அதற்குப் பிறகுதான் கட்டைவிரலை டயருக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சுற்று முழுக்கத் தடவுவார். "முள்ளு உள்ளயே இருக்கும் தம்பி. அத எடுக்காம ஒட்டுனா நீ நாளைக்கும் வருவ. எனக்கு யாவாரம், உனக்குச் சனியன்." நகத்தால் கிள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்த முள் எள்ளளவுகூட இல்லை. கூலி நாற்பது ரூபாய்.

பழைய சைக்கிள்களில் இருப்பது சின்ன ரப்பர்க் குழாய் மாட்டும் வால்வு. வால்வு டியூப் வெடித்துக் காற்று இறங்குவதைப் பஞ்சர் என்று நினைத்து ஏமாற வேண்டாம். இரண்டு ரூபாய்ச் சமாச்சாரம், பையில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் பைக் வால்வு. பெட்ரோல் பங்க்கிலேயே காற்றடிக்கலாம்.

"திருட்டுப் போகாதா?"

சைக்கிளோடு வரும் பூட்டை மட்டும் நம்பினால் போகும். சங்கிலி போட்டு ஏதாவது கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். எனக்கு இதுவரை திருட்டுப் போனது பெல்லின் மேல்மூடி. மூன்று முறை. யார், எதற்கு என்று தெரியவில்லை.

"நீங்க ஒருத்தர் மிதிச்சா ஊர்ப் புகை கொறஞ்சிருமா?"

குறையாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். மாதம் ஏழு லிட்டர் என்றால் என் கணக்கில் பதினாறு கிலோ, வருடத்துக்கு இருநூறை நெருங்கும். ஊர்க் கணக்கில் அது தூசு. மாசி வீதியில் ஒரு பைக் நிற்கும் இடம் காலியாகிறது. அதைப் பக்கத்துக் கடைக்காரர் உடனே பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல பழைய சைக்கிள் ஒண்ணு கெடக்கு. ஓட்டலாமா?"

ஃபிரேம் துருப்பிடித்து இற்றுப் போயிருந்தால் வேண்டாம். முக்கியமாக ஒட்டு இருக்கும் இடங்களில் விரிசல் பாருங்கள். மற்றது எல்லாம் மாற்றக்கூடியதே. ஓவராயிலுக்குக் கொடுங்கள். பிரித்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் குண்டுகளை மாற்றி, ரிம் கோட்டம் எடுத்துக் கொடுப்பார்கள். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் புதுசு போடுங்கள், பேரம் வேண்டாம். பிரேக் கட்டை, பிரேக் கம்பி இரண்டையும் யோசிக்காமல் மாற்றுங்கள். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மண் அப்பிக்கொள்ளும்; தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு போதும், மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

என் சைக்கிளை முதல் தடவை கொடுத்தபோது அந்த வேப்பமரத்தடிக் கடை அண்ணன் சீட்டைத் தட்டிப் பார்த்தார், முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார், கூடையில் ஒட்டியிருந்த மகளின் பிளஸ் டூ நேரப்பட்டியலைச் சுரண்டப் போனார். அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். வியாழக்கிழமை முதல் பாடவேளை வேதியியல் என்று இன்னும் படிக்க முடிகிறது.